ஒன்றரைக் கட்டை

எங்கள் ராக் குழுவில் கீபோர்டு கிடையாது. பெங்களூரில் எங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தவறாமல் குறிப்பிட்ட விஷயம் இது. ஒரு கிதார், ஒரு பாஸ் கிதார், டிரம்ஸ், ஒரு குரல், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் கொள்கை பிசகாமல் நிற்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். கொள்கையாவது மண்ணாவது. உண்மையான காரணம் எனக்கும் கிதார்காரனுக்கும் டிரம்மருக்கும் மட்டும் தெரியும். பாடகனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணமே.

நான் அந்தக் குழுவில் பாஸ் கிதார் வாசிப்பவள். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் என்னை வீணை வகுப்புக்கு அனுப்பினார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷமே வழி மாறிவிட்டேன். “ஏழு கம்பிய விட்டுட்டு நாலு கம்பிக்குப் போனவ” என்று அப்பா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். பகலில் எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். அதற்கு நான் ரொம்பப் பொருத்தம் என்பதை என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாடகன் விவேக் நகர்க்காரன். கல்லூரியில் என் வகுப்பு. அப்போதே தூரத்தில் போகிற யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஆசிரியர்கள் அவனைத்தான் கூப்பிடச் சொல்வார்கள், அப்படிப்பட்ட தொண்டை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அவனுடைய மாமா மாதா கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் மாடியறைதான் ஆரம்பத்திலிருந்து எங்கள் ஒத்திகை இடம். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிற கூட்டத்தில் தெருவுக்குள் நுழையவே முடியாது, ஞாயிறு பூசை, ஆகவே எங்களுக்கு வாய்த்தது சனிக்கிழமை மத்தியானம். அறை முழுக்க மெழுகு வாசனை. என் கிதார் பையை எங்கே திறந்தாலும் அந்த வாசனை வரும். ஆபீஸ் காரில் ஒரு தடவை பக்கத்தில் இருந்தவர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

ஆரம்பத்தில் நாங்கள் வெறும் சத்தம்தான். எங்களுக்கு வைத்த பெயர் ஆல்டர்நேட்டிவ் ராக். எதற்கு மாற்று என்று இருபது வருஷத்துக்கு மேலாகியும் எனக்குப் புரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. முதல் ஆல்பம் முழுக்க இங்கிலீஷ் பாட்டு. பனியைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. நாலு பேரில் ஒருத்தரும் பனியைப் பார்த்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் பார்த்ததோடு சரி. ஆனாலும் உருகி உருகி வாசித்தோம்.

திருப்பம் ஒரு பஸ்ஸால் வந்தது. ஒரு நாள் சிவாஜி நகரிலிருந்து வரவேண்டிய பஸ் நிற்காமலே போய், பாடகன் மழையில் நடந்து ஒத்திகைக்கு வந்தான். வந்த வேகத்தில் மைக்கைப் பிடித்து, வீட்டில் பேசுகிற தமிழிலேயே அந்த டிரைவரைத் திட்டிப் பாட ஆரம்பித்தான். நாங்கள் பின்னாலேயே போனோம். பாட்டின் உச்சியில் ஒரே ஒரு சொல்தான்: “ஹோல்டான்!” பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் போடும் கூச்சல். அந்த ‘டா’வைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி அங்கேயே நின்றான் பாருங்கள், கடையிலிருந்து மாமா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அடுத்த மாதம் ஒரு பப்பில் அதைப் பாடியபோது கன்னடப் பையன்கள், மலையாளப் பெண்கள், எல்லோரும் சேர்ந்து “ஹோல்டான்” என்று கத்தினார்கள். அதன் பிறகு இங்கிலீஷ் பாட்டுக்கு நாங்கள் திரும்பவே இல்லை. பனிப் பாட்டு ஒழிந்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியதும், ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் மச்சா என்கிற பாடகன் எங்கள் மூன்று பேரிடமும் சொன்னான்: “இந்த ஹோல்டான் என்னைக்கு எட்டலையோ, அன்னைக்கு மைக்க கீழ வெச்சிருவேன் மச்சா. அப்பறம் ஒரு நாளு கூட பாடமாட்டேன்.”

மற்றவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். இவன் சொன்னதைச் செய்கிற ஜாதி. சிகரெட்டை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விட்டான், அத்தோடு சரி. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் அம்பயராக நின்று தனக்கு எல்பிடபிள்யூ அவுட் கொடுத்ததற்காகச் சொந்த அண்ணனோடு நாலு வருஷம் பேசவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தச் சுரம் எட்டவில்லை. வாரம் முழுக்க வெயிலில் மைதானத்தில் நின்று பிள்ளைகளைக் கத்தி மேய்த்துவிட்டு வருகிற தொண்டை எத்தனை நாள் தாங்கும்? முதல் தடவை உடைந்தது. இரண்டாவது தடவையும் உடைந்தது. அவன் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனான். மாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கிதார்காரன் என்னைப் பார்த்தான். அவன் அதிகம் பேசமாட்டான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து முழு வாக்கியம் வருவது அபூர்வம். அன்றைக்கு “அரைக் கட்டை இறக்கிடலாமா?” என்றான். பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தானே சொல்வார்கள். அரைக் கட்டை என்றால் மிகச் சின்ன இறக்கம். நாங்கள் இருவரும் எல்லாக் கம்பிகளையும் கொஞ்சம் தளர்த்தினோம். டிரம்மர் வாசலில் காவல் நின்றான்.

பாடகன் திரும்பி வந்தான். கிதார் எந்தச் சுருதியைக் கொடுக்கிறதோ அதில்தான் அவன் பாடுவான். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாடினான். ‘ஹோல்டான்’ எட்டியது. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, நாங்கள் செய்தது தப்பு என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. “பாத்தியா, இஞ்சி டீ!” என்றான். அதிலிருந்து எந்த மேடைக்கும் இஞ்சி டீ இல்லாமல் ஏறமாட்டான்.

மூன்று நான்கு வருஷம் கழித்து இன்னொரு அரைக் கட்டை. பெருந்தொற்றுக்குப் பிறகு இன்னொன்று. ஆக மொத்தம் ஒன்றரைக் கட்டை. இப்படி இறக்கியதில் என்ன ஆயிற்று என்றால், எங்கள் இசையே மாறிவிட்டது. தளர்ந்த கம்பி வேகமாக வாசித்தால் கடகடவென்று அடித்துக்கொள்ளும். தடிமனான கம்பி போட்டுக்கொண்டேன். பத்துச் சுரம் வாசித்த இடத்தில் மூன்று வாசித்தேன். கிதார்காரனின் வேகமான ஓட்டமெல்லாம் போய், ஒரு சுரத்தை இழுத்து அதிலேயே நிற்கப் பழகினான். எங்கள் கனத்துக்கு ஈடுகொடுக்க டிரம்மரும் தோலைத் தளர்த்தி, நடையைக் குறைத்தான். மூன்றாவது ஆல்பம் வந்தபோது, இருள் சூழ்ந்த, முதிர்ந்த, பொறுமையான புதிய ஒலி என்று எழுதினார்கள். வேண்டுமென்றே யோசித்திருந்தால் எங்களுக்கு அந்தப் பொறுமை வந்தே இருக்காது.

பேட்டிகளில் பாடகன்தான் விளக்கம் கொடுப்பான். வயசாக ஆகக் கோபம் தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்குகிறது, அதுதான் இந்த ஒலி என்பான். நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப ஆழமாகத் தலையாட்டுவோம். எங்கேயாவது பழைய பதிவைப் போட்டால் மட்டும் அவனுக்குக் கோபம் வந்துவிடும். “இந்த ரெக்கார்டிங் ஸ்பீடு தப்பு மச்சா. அந்த ஸ்டுடியோக்காரன் வேகமா ஓட்டி வெச்சிட்டான், என் குரலு எலி மாதிரி கேக்குது.” அந்த அப்பாவி ஸ்டுடியோக்காரருக்கு இத்தனை வருஷமாக வசவு. நான் தலையாட்டிய தலையாட்டல்களிலேயே கேவலமானது அதற்குத்தான்.

கீபோர்டு விஷயம் இப்போது புரிந்திருக்கும். கிதாரைத் தளர்த்தலாம். கீபோர்டு, வாசிக்கிறவருக்கும் ரகசியத்தைச் சொன்னால் ஒழிய, இருந்த இடத்திலேயே இருக்கும்; யாராவது வந்து பழைய பாட்டை நிஜச் சுருதியில் ஒரு தடவை அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆசையாகச் சேர வந்த இரண்டு மூன்று பேரை, ராக்கில் கீபோர்டு எதற்கு என்று கதை சொல்லித் துரத்தினோம். அந்தக் கதையை எங்களைவிட அதிகமாக நம்பியவன் பாடகன்தான்.

இந்த வருஷம் ஒரு பெரிய அரங்கில் எங்கள் பழைய பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சி கேட்டார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, பாடகன் ஆட்டோவில் மனைவியோடு வந்து இறங்கினான். அவள் கையில் நீளமாக ஒரு உறை. அவள் கோவில் பாடற்குழுவில் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவள். எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவாளே தவிர, இந்த அறையில் வந்து வாசித்ததில்லை.

“ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும்” என்றான் பாடகன், மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு. “கொள்கையெல்லாம் தெரியும் மச்சா. இவ ரெண்டு வாரமா நான் ஸ்கூலுக்குப் போனப்பறம் ஹெட்ஃபோன் போட்டுக்கினு பஸ் பாட்ட ப்ராக்டிஸ் பண்ணியிருக்கா. நேத்துதான் எனக்கே சொன்னா. சும்னே ஒரு தடவ வாசிச்சுப் பாக்கலாம்.”

டிரம்மர் குச்சியைக் கீழே போட்டு, எடுப்பதற்குக் குனிந்தவன் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

வாசித்தோம். நாங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கேட்கச் சகிக்கவில்லை. பாடகன் கையைக் காட்டி நிறுத்தினான். “தப்பா வாசிக்கிறே மா” என்றான். அவள் சுரம் குறித்துவைத்திருந்த தாளைப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தோம். “இல்ல மா, தப்பு.” மூன்றாவது தடவை அவன் குரலில் பள்ளிக்கூடத்து மைதானம் வந்துவிட்டது. “தப்பா வருது, கேக்குதா இல்லையா உனக்கு?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ரெக்கார்ட கேட்டுதான் பழகினேன். அதுல இப்பிடித்தான் இருக்குது” என்றாள் மெதுவாக. “அந்த ரெக்கார்டே தப்பு” என்றான் அவன்.

அப்போது கிதார்காரன் எழுந்தான். ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி கீபோர்டு பக்கம் போய்க் குனிந்தான். என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியும். அதில் சுருதியை இறக்க ஒரு பட்டன் உண்டு. மூன்று தடவை அழுத்தினால் தீர்ந்தது பிரச்சினை. எல்லாம் சேர்ந்துவிடும், பாடகனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மட்டும் இரண்டு வாரம் உழைத்தும் தப்பாக வாசித்தவளாகவே வீட்டுக்குப் போவாள். அவள் அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் மைக்கை வைத்துவிட்டால் வைக்கட்டும், குழு போனால் போகட்டும், இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியாது என்று தோன்றிவிட்டது.

“அத தொடாதே” என்றேன் கிதார்காரனிடம். பிறகு பாடகனைப் பார்த்தேன். “அவங்க வாசிச்சது சரி. ரெக்கார்டும் சரி. நாங்கதான்டா இறக்கியிருக்கோம். ஒன்றரைக் கட்டை.”

அவன் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். யாராவது இல்லை என்று சொல்லமாட்டோமா என்று எதிர்பார்த்தது போல இருந்தது. பிறகு படியிறங்கிப் போய்விட்டான்.

கொஞ்சம் பொறுத்து நானும் இறங்கினேன். கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மாமா உள்ளே யாருக்கோ மெழுகுவர்த்தி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

“எத்தினி வருஷமா?”

“பத்துப் பன்னெண்டு இருக்கும்.”

“பன்னெண்டு வருஷமா என்ன பேக்கு ஆக்கியிருக்கீங்க. மூணு பேரும் சேந்துக்கினு.”

“நீதானே சொன்னே, எட்டலைன்னா மைக்க வெச்சிருவேன்னு. நீ வெச்சிருவே. உன்ன எனக்குத் தெரியாதா? அந்த பயம்தான்.”

“அது எப்ப சொன்னது! கல்யாணத்துக்கு முன்னாடி. அப்ப என்னென்னமோ சொன்னேன். நாப்பது வயசுக்கு மேல உயிரோடவே இருக்கமாட்டேன்னு கூடத்தான் சொன்னேன். அதுக்கு என்னா ஏற்பாடு பண்ணீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரித்தால் தொலைந்தேன் என்று தெருவைப் பார்த்தேன். ஒரு டவுன் பஸ் ஆட்டோவுக்கு வழி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கேட்டான்:

“சரி, ஏன் ஒன்றரை? இறக்கறதுன்னு ஆயிடுச்சு, ரெண்டு, ரெண்டரைன்னு இறக்கறதுதானே?”

“ஒரேயடியா இறக்கினா உனக்குத் தெரிஞ்சிடும்ல. உனக்கு எட்டற அளவுக்கு மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் இறக்குவோம்.”

அவன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டான். “எட்டுச்சு. எட்டறதுக்குள்ள உயிரு போச்சு. ஒவ்வொரு ஷோ முடிஞ்சதும் ரெண்டு நாளு எச்சில் முழுங்க முடியாது, தெரியுமா? வெறும் கஞ்சிதான். என் பொண்டாட்டிக்குத் தெரியும்.”

எங்கள் போஸ்டர்கள் எல்லாவற்றிலும் அவன் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். என்ன ஆவேசம் என்று நானே எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறேன்.

“வலிச்சா சொல்ல வேண்டியதுதானேடா!” என்று கத்திவிட்டேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“எப்பிடிச் சொல்றது? நீங்கல்லாம் அதே சுருதியில அப்பிடியே நிக்கிறீங்கன்னுதானே நெனச்சேன். இத்தினி வருஷம் உங்களுக்கு ஒன்னுமே ஆவல, நான் மட்டும் கெழவனாயிட்டேன்னு சொல்றதா? வயசானா எல்லாருக்கும் வலிக்கும், நாமதான் பொறுத்துக்கணும்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் இவன் பன்னிரண்டு வருஷம் நோகாமல் பாடியிருப்பான். தப்பைக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு, ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று பாடிய ஆளின் வலி தெரியவில்லை. “மன்னிச்சிடுடா” என்றேன். அவன் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, “எழுந்திரு மச்சா, மொதல்ல மேல ஒருத்திகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கணும்” என்றான்.

மேலே அவள் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். கிதார்காரனும் டிரம்மரும் சுவரோரமாக, பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்த மாதிரி நின்றிருந்தார்கள்.

“சாரி மா” என்றான் பாடகன்.

“மூணு தடவ தப்பு தப்புன்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும்.”

“சாரி மா. சாரி மா” என்று கணக்கை நேர் செய்தான். அவள் கிதார்காரன் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒயர் பாக்க வந்தீங்களேண்ணா, ஒயர் நல்லா இருந்துச்சா?” நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சொன்னீங்களேக்கா, அது போதும்” என்றாள்.

கீபோர்டை மறுபடி வெளியே எடுக்க வைத்தோம். பாடகன் அவள் பக்கத்தில் போய் நின்றான். “எனக்கு எது வசதியோ அத கண்டுபுடி” என்றான். அவள் பஸ் பாட்டின் உச்சியை மட்டும் வாசித்தாள். அவன் பாடிப் பார்த்தான். அரைக் கட்டை இறங்கினாள், பாடினான். இன்னும் அரை. நாங்கள் இறக்கி வைத்திருந்த இடத்துக்கு வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு தம் கட்டியதை முதல் தடவையாக நான் உண்மையில் பார்த்தேன். “இன்னும்” என்றான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு அரைக் கட்டை இறங்கிய பிறகுதான் அவன் தோள் தளர்ந்தது. ரெண்டரைக் கட்டை. அவ்வளவு தூரம் கம்பியைத் தளர்த்தினால் அது துணி காயப்போடத்தான் உதவும். கைகளை வேறு இடத்தில் வைத்து, எல்லாப் பாட்டையும் புதிதாகப் படிக்கவேண்டும் என்று கிதார்காரன் முணுமுணுத்தான். மூன்று வாரத்தில் எப்படி என்று டிரம்மர் கேட்டான், அவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லாதபோதும்.

தட்டுத்தடுமாறி அந்த ஒரு பாட்டை வாசித்தோம். நான் இரண்டு இடத்தில் தப்பு விட்டேன். கீபோர்டு இருந்ததால் நடுவில் ஒரு வெற்றிடம் நிரம்பியது. அங்கே வெற்றிடம் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ‘ஹோல்டான்’ வந்தபோது அவன் கத்தவில்லை. பக்கத்து ஸ்டாப்பில் நிற்கிறவரைக் கூப்பிடுவது போலப் பாடினான். பெரிய குரல், அகலமாக, அவசரமே இல்லாமல் வந்தது.

ஒத்திகையில் பஸ் பாட்டை ஒரு தடவைக்கு மேல் அவன் பாடியதே கிடையாது. போதும், மேடைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பான். அதைத் திமிர் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பாட்டு முடிந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்து, “இன்னொரு தடவ பாடட்டா?” என்று கேட்டான். பாடினான். முடித்துவிட்டு மறுபடியும் கேட்டான். நாலு தடவை பாடினான்.